ஒரு நாட்டின் நிர்வாகப் பிரிவுகளைப் பிழையின்றிப் பட்டியலிடுவது எப்படி?

சீனாவின் சோங்சிங், அரசு ஆவணங்களின்படி ஒரு நகரம். ஆனால் அதன் பரப்பளவு 82,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். ஆஸ்திரியா என்ற நாடு முழுவதும் சேர்ந்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் ஒரு மாநிலம். நீர்ப்பரப்பையும் சேர்த்தால் அது சுமார் 4,000 சதுர கிலோமீட்டர். அதே அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துக்குள் அடங்கிய சான் பெர்னார்டினோ என்னும் கவுன்டி, நம் வழக்கில் சொன்னால் ஒரு மாவட்டம், 52,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டுகிறது. நகரம், மாவட்டம், மாநிலம், மாகாணம் என்ற சொற்களை மட்டும் நம்பி ஒரு நாட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ள முயல்பவர் முதல் பக்கத்திலேயே தடுமாறுவதற்கு இதுவே காரணம். பள்ளிப் பாடத்துக்காகவோ, ஆய்வுக்காகவோ, குடும்ப வரலாற்றைத் தேடுவதற்காகவோ, ஒரு மென்பொருளின் முகவரிப் படிவத்தை வடிவமைப்பதற்காகவோ ஏதேனும் ஒரு நாட்டின் பிரிவுகளைப் பட்டியலிட வேண்டியவர்களுக்கு, எந்த நாட்டுக்கும் பொருந்தக்கூடிய வழிமுறை ஒன்றை இங்கே விளக்குகிறேன்.

பெயரை ஓரமாக வைத்துவிட்டு நான்கு கேள்விகளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரிவின் தலைமையில் இருப்பவர் மேலிருந்து நியமிக்கப்படுகிறாரா, கீழிருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறாரா? தன் எல்லைக்குள் வரி விதிக்கவும் விதிகள் இயற்றவும் அதற்கு அதிகாரம் உண்டா? அதற்கு மேலே யார், கீழே யார்? அதன் எல்லையை மாற்றவோ அதைக் கலைக்கவோ யாரால் முடியும்? இவற்றுள் நான்காவது கேள்விக்கான விடைதான் மற்ற எல்லாவற்றையும் தெளிவுபடுத்துகிறது என்பது என் அனுபவம். ஆகவே அதிலிருந்தே தொடங்கலாம்.

கூட்டாட்சியா, ஒற்றையாட்சியா என்று பாடநூல்கள் சொல்லும் வேறுபாடு எல்லைக்கோட்டில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அமெரிக்க அரசமைப்பின்படி ஒரு மாநிலத்தின் நிலப்பரப்பிலிருந்து புதிய மாநிலத்தை உருவாக்க வேண்டுமென்றால், நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு அந்த மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதலும் தேவை. ஜெர்மனியில் மாநிலங்களை இணைப்பதற்கு மக்கள் வாக்கெடுப்பு வேண்டும். 1996ஆம் ஆண்டு பெர்லினையும் அதைச் சுற்றியுள்ள பிராண்டன்பர்க்கையும் ஒரே மாநிலமாக்கும் திட்டத்துக்குப் பெர்லின் மக்கள் ஆதரவளித்தும், பிராண்டன்பர்க் மக்கள் மறுத்துவிட்டதால் இரண்டும் இன்றுவரை தனித்தனியாகவே இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் மாநிலம் போன்ற முதல்நிலைப் பிரிவுக்குக் கான்டன் என்று பெயர். பெர்ன் கான்டனிலிருந்து ஜூரா பிரிந்து 26ஆவது கான்டனாவதற்கு 1978இல் நாடு முழுவதும் வாக்களிக்க வேண்டியிருந்தது; 1979 ஜனவரி முதல் நாளில் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா இவற்றிலிருந்து மாறுபட்டது. அங்கே மாநிலங்களுக்குச் சட்டமன்றமும் தனி அதிகாரப் பட்டியலும் இருந்தாலும், அரசமைப்பின் 3ஆவது உறுப்பின்படி நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் ஒன்றின் வழியாகவே ஒரு மாநிலத்தைப் பிரிக்கவோ பெயர் மாற்றவோ முடியும். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டுமே தவிர அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. 2014 ஜனவரியில் ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும் அதே ஆண்டு ஜூன் 2ஆம் நாள் தெலங்கானா பிறந்தது. ஆக, ஒரு நாடு ‘கூட்டாட்சி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாமல், எல்லையை மாற்றும் அதிகாரம் எவரிடம் இருக்கிறது என்பதையும் உங்கள் குறிப்பில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒற்றையாட்சி நாடுகளில் இந்த அதிகாரம் நடுவண் அரசிடம் முழுமையாக இருப்பதால், மாற்றங்கள் வேகமாகவும் பெரிய அளவிலும் நிகழ்கின்றன. பிரான்ஸ் இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. புரட்சிக்குப் பின் 1790இல் பழைய மாகாணங்களைக் கலைத்து, நம் மாவட்டம் போன்ற 83 தெபார்த்மான்களாக நாட்டை வகுத்தார்கள். எந்த ஊரில் இருப்பவரும் ஒரே நாளில் குதிரையில் தலைமையிடத்தை எட்டிவிட வேண்டும் என்பது அந்த அளவுக்குச் சொல்லப்பட்ட காரணம். அரசரின் பழைய மாகாணப் பெயர்கள் நினைவுக்கு வரக்கூடாது என்பதற்காக ஆறுகள், மலைகள் ஆகியவற்றின் பெயர்களைப் பெரும்பாலானவற்றுக்குச் சூட்டினார்கள். 1800இல் நெப்போலியன் ஒவ்வொன்றுக்கும் நடுவண் அரசின் ஆளாக ஒரு பிரிஃபெக்டை நியமித்தார். இன்று கடல்கடந்த ஐந்தையும் சேர்த்து 101 தெபார்த்மான்கள் இருக்கின்றன. தெபார்த்மான் என்ற அடுக்கு இருநூறாண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருக்க, அதற்கு மேலே பின்னாளில் வைக்கப்பட்ட மண்டலங்கள் மட்டும், ஐரோப்பிய நிலப்பரப்பில் 22ஆக இருந்தவை, 2016 ஜனவரியில் 13ஆகக் குறைக்கப்பட்டன. ஓர் அலுவலகத்துக்கும் குடிமக்களுக்கும் இடையிலுள்ள தொலைவை அளவுகோலாக வைத்து வகுத்த பிரிவு, நடுவண் அரசு தன் வசதிக்காக வகுத்த பிரிவைவிட நீடித்து நிற்பதை இதில் காண்கிறேன்.

அடுத்து, ஏணியை வரையுங்கள். ஒரு தாளில் நாட்டை உச்சியில் எழுதி, அதன் கீழ் முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று எண்களை மட்டும் இடுங்கள். அந்தந்த நாட்டுச் சொல்லையும் தமிழாக்கத்தையும் பின்னர் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். இப்படிச் செய்யாவிட்டால் ‘மாகாணம்’ என்ற ஒரு சொல்லே உங்களைக் குழப்பிவிடும். கனடாவில் மாகாணம் முதல் நிலை. அதற்கு அரசமைப்பிலிருந்தே அதிகாரம் வருகிறது. ஸ்பெயினில் 17 தன்னாட்சிச் சமூகங்கள் முதல் நிலை. 50 மாகாணங்களும் அவற்றுக்குக் கீழே இரண்டாம் நிலை. அயர்லாந்தின் நான்கு மாகாணங்களுக்கு நிர்வாகப் பணி எதுவுமே இல்லை. வரலாற்றிலும் விளையாட்டுப் போட்டிகளிலும்தான் அவை வாழ்கின்றன. ஜப்பானின் 47 முதல்நிலைப் பிரிவுகளைத் தமிழில் சிலர் மாகாணம் என்றும் சிலர் மாநிலம் என்றும் எழுதுகிறார்கள்; ஆனால் ஜப்பான் ஒற்றையாட்சி நாடு என்பதால் மாநிலம் என்ற சொல் அங்கே தவறான எண்ணத்தைத் தரும். பழைய தமிழ் ஆவணங்களைப் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இன்று நாம் மாவட்டம், வட்டம் என்று எழுதுபவை அவற்றில் ஜில்லா, தாலுகா என்றே இருக்கும். அதே ‘ஜில்லா’ சிறிய ஒலி மாற்றங்களோடு நேபாளத்திலும் வங்கதேசத்திலும் பாகிஸ்தானிலும் இன்றும் மாவட்டத்தைக் குறிக்கிறது.

ஏணியின் ஒவ்வொரு படிக்கும் எதிரே எண்ணிக்கை, தலைமை வகிப்பவரின் பதவிப்பெயர், அவர் நியமனமா தேர்வா, எந்த நாளின் நிலவரம் ஆகிய நான்கையும் குறித்துவிடுங்கள். இந்தப் பழக்கம் சலிப்பூட்டலாம். ஆனால் அடுத்து வரும் பெரிய சிக்கலிலிருந்து உங்களைக் காப்பாற்றுவது இதுதான்.

அந்தச் சிக்கல் என்னவென்றால், எந்த நாட்டிலும் ஒரே நிலத்தின் மீது ஒன்றுக்கு மேற்பட்ட ஏணிகள் சாத்தப்பட்டிருக்கின்றன. நில வருவாய்க்கு ஒன்று, உள்ளாட்சிக்கு ஒன்று, தேர்தலுக்கு ஒன்று, காவலுக்கும் நீதிமன்றத்துக்கும் வேறு ஒன்று. இவை சில படிகளில் ஒன்றாகப் பொருந்தும். சில படிகளில் பொருந்தாது. பட்டியல்களில் நான் கண்ட பிழைகளில் பெரும்பங்கு, ஓர் ஏணியின் படியை எடுத்து இன்னோர் ஏணியில் வைத்துவிட்டதால் நேர்ந்தவையே.

இலங்கையை அருகில் வைத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். நிர்வாக ஏணி மாகாணம், மாவட்டம், பிரதேச செயலாளர் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு என்று இறங்குகிறது. மாகாணங்கள் 9, மாவட்டங்கள் 25. மாவட்டச் செயலாளர், அதாவது மக்கள் வழக்கில் அரசாங்க அதிபர், நியமிக்கப்படுபவர். பிரதேச செயலாளரும் கிராம அலுவலரும் அப்படியே. இதன் பக்கத்திலேயே உள்ளாட்சி ஏணி நிற்கிறது: 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசமைப்புத் திருத்தத்தால் வந்த மாகாண சபைகள், அவற்றின் மேற்பார்வைக்குட்பட்ட மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகள். பிரதேச செயலகம், பிரதேச சபை என்ற இரண்டு பெயர்களும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கின்றன. ஆனால் முன்னது அரசு அதிகாரியின் அலுவலகம், பின்னது மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம். இரண்டின் எல்லைகளும் எல்லா இடங்களிலும் ஒத்துப்போவதில்லை. கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, கண்டாவளை, பச்சிலைப்பள்ளி, பூநகரி என்று பிரதேச செயலாளர் பிரிவுகள் நான்கு. பிரதேச சபைகளோ கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி என்று மூன்றுதான். கண்டாவளைப் பகுதி கரைச்சிப் பிரதேச சபையின் எல்லைக்குள் வருகிறது. மூன்றாவதாகத் தேர்தல் ஏணி: நிர்வாக மாவட்டங்கள் 25 இருக்க, தேர்தல் மாவட்டங்கள் 22 மட்டுமே. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்துவிடுகிறது; மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் இணைந்து வன்னித் தேர்தல் மாவட்டமாகின்றன. எனவே கண்டாவளையில் வசிக்கும் ஒருவர் வதிவிடச் சான்றிதழை மேலொப்பமிடச் செய்யக் கண்டாவளைப் பிரதேச செயலகத்துக்குச் செல்கிறார். தெருவிளக்குக்காகக் கரைச்சிப் பிரதேச சபையைக் கேட்கிறார். நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய வாக்கு யாழ்ப்பாண மாவட்டக் கணக்கில் சேர்கிறது. மூன்றுமே சரி. இந்த மூன்றில் ஒன்றை மட்டும் ‘உண்மையான’ பிரிவென்று கொண்டு மற்றவற்றைப் பிழையென்று நீக்குபவர்தான் தவறு செய்கிறார்.

இந்தியாவிலும் இது உண்டு. சென்னை மாநகராட்சி 2011இல் 426 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டபோது, சென்னை மாவட்டத்தின் எல்லை விரிவாக்கப்படவில்லை. 2018இல்தான் மாவட்டமும் அந்த அளவுக்கு வளர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அம்பத்தூரில் வசித்தவர் சொத்துவரியைச் சென்னை மாநகராட்சிக்குச் செலுத்தினார். அவருடைய மாவட்டமோ திருவள்ளூர். அந்த ஆண்டுகளின் புள்ளிவிவரங்களில் ‘சென்னை’ என்று மட்டும் குறித்திருந்தால் அது மாவட்டமா மாநகராட்சியா என்று கேட்காமல் பயன்படுத்தவே கூடாது.

புள்ளிவிவரத்துக்காகவே உருவாக்கப்படும் பிரிவுகளையும் தனியாக ஒதுக்குங்கள். ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளை ஒப்பிடுவதற்காக மக்கள்தொகையை வைத்து மூன்று நிலைகளை வகுத்திருக்கிறது. அவற்றின் இரண்டாம் நிலைப் பகுதி 8 லட்சம் முதல் 30 லட்சம் பேரைக் கொண்டதாக இருக்க வேண்டும். சில நாடுகளில் அது நிர்வாகப் பிரிவோடு பொருந்தும். சிலவற்றில் அந்தப் பகுதிக்கு ஓர் அலுவலகமோ தலைவரோ இருக்கமாட்டார்.

விதிவிலக்குகளைத் தேடுவது அடுத்த வேலை. ஏணி எவ்வளவு ஒழுங்காகத் தெரிந்தாலும் தலைநகர், தீவுகள், பழைய குடியேற்றப் பகுதிகள், தன்னாட்சிப் பகுதிகள் ஆகிய நான்கு இடங்களில் அது பெரும்பாலும் உடையும். பெர்லினும் ஹாம்பர்க்கும் ஒரே நேரத்தில் நகரமாகவும் மாநிலமாகவும் இருக்கின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 38 நகரங்கள் எந்தக் கவுன்டியிலும் சேராமல் நேரடியாக மாநிலத்தின் கீழ் வருகின்றன. லூயிசியானாவில் கவுன்டிக்கு ‘பாரிஷ்’ என்று பெயர். கனெடிகட்டில் கவுன்டிப் பெயர்கள் வரைபடத்தில் இருந்தாலும் 1960 முதல் அவற்றுக்கு அரசு அமைப்பே இல்லை. கனடாவின் மூன்று ஆட்சிப்பகுதிகள் மாகாணங்களைப் போலவே வரைபடத்தில் தெரிந்தாலும், அவற்றின் அதிகாரம் நடுவண் நாடாளுமன்றத்தின் சட்டத்திலிருந்து வருகிறது. 1999 ஏப்ரல் 1ஆம் நாள் உருவான நுனாவுட் அவற்றுள் இளையது. நிலத்தொடர்ச்சி இல்லாத பிரிவுக்குப் புதுச்சேரியைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டை ஒட்டியும், மாஹே கேரளத்தின் நடுவிலும், ஏனாம் ஆந்திரத்தின் நடுவிலும் இருக்க, இந்த நான்கையும் ஒரே யூனியன் பிரதேசமாக இணைப்பது பிரெஞ்சு ஆட்சியின் வரலாறு மட்டுமே. ஒரு பிரிவு ஒரே துண்டாகத்தான் இருக்கும் என்று எண்ணி வரைபடத்தில் வண்ணம் தீட்டுபவர் மாஹேயையும் ஏனாமையும் கட்டாயம் தவறவிடுவார்.

படிகள் எண்ணிக்கையில் குறைவதும் விதிவிலக்குதான். இந்தியாவில் ஊராட்சி அமைப்பு மூன்றடுக்கு என்பது பொது விதி. ஆனால் 20 லட்சத்துக்கு மேற்படாத மக்கள்தொகை கொண்ட மாநிலங்கள் நடு அடுக்கை விட்டுவிடலாம் என்று அரசமைப்பே இடமளிக்கிறது. எனவே ஒரு நாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே எண்ணிக்கையில் கட்டங்களை நிரப்ப வேண்டும் என்று படிவத்தைக் கட்டாயப்படுத்தாதீர்கள். வெற்றுக் கட்டமும் ஒரு தகவல்தான்.

இனி நாள். இதில்தான் அக்கறையுள்ளவர்கள்கூடச் சறுக்குகிறார்கள். வியட்நாமில் 63 முதல்நிலைப் பிரிவுகள் என்று எழுதிய எந்த நூலும் 2025 ஜூலை முதல் செல்லாது. அவற்றுள் 52ஐ இணைத்து 23 ஆக்கி, மீதி 11ஐ அப்படியே விட்டதால் இப்போது 34. அதோடு மாவட்டம் என்ற நடு அடுக்கையே அந்த நாடு நீக்கிவிட்டது. நேபாளம் 2015ஆம் ஆண்டின் அரசமைப்பால் நேபாளி மொழியில் ‘அஞ்சல்’ எனப்பட்ட பழைய 14 வட்டாரங்களைக் கைவிட்டு, 7 மாகாணங்கள், 77 மாவட்டங்கள், 753 உள்ளாட்சி அமைப்புகள் என்ற கட்டமைப்புக்கு மாறியது. கென்யாவின் எட்டு மாகாணங்களுக்குப் பதிலாக, 2010இன் அரசமைப்பின்படி தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர்களைக் கொண்ட 47 கவுன்டிகள் 2013இல் செயல்படத் தொடங்கின. தெலங்கானா பிறந்தபோது 10 மாவட்டங்கள், 2016இல் 31, 2019இல் 33. ஜப்பானில் 1871இல் நிலப்பிரபுக்களின் ஆட்சிப்பகுதிகளைக் கலைத்தபோது முந்நூறுக்கு மேல் இருந்த பிரிவுகள், 1888க்குள் 47 ஆகச் சுருங்கி, அதன்பின் பெரிதாக மாறவில்லை.

மாற்றம் இரண்டு வகை என்பதை மனத்தில் வைத்தால் பழைய தரவைப் புதிய எல்லைக்குப் பொருத்துவது எளிது. பிரிவுகள் முழுமையாக இணைந்திருந்தால் பழைய எண்களைக் கூட்டினால் போதும். பிரிக்கப்பட்டிருந்தால் பழைய மொத்தத்தை உங்கள் ஊகத்தால் பங்கிடக் கூடாது. ஒரு படி கீழிறங்கி, வட்டமோ கிராமமோ எது மாறாமல் நகர்ந்ததோ அந்த அளவில் எண்களைத் தேடி, அங்கிருந்து மேலே கூட்டி வர வேண்டும். இதனால்தான் தரவைச் சேமிக்கும்போது கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பிரிவின் அளவிலேயே சேமிக்குமாறு வலியுறுத்துகிறேன். மாவட்ட மொத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு கிராம எண்களை அழித்துவிட்டவர், அந்த மாவட்டம் இரண்டான நாளில் பல ஆண்டுகளின் உழைப்பை இழந்துவிடுகிறார். குடிக்கணக்கெடுப்புக்கு முன் ஒரு நாளைக் குறித்து, அதற்குப் பின் எல்லைகளை மாற்றக் கூடாது என்று நிறுத்திவைக்கும் வழக்கம் இந்தியாவில் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

பெயர்களை அடையாளமாகக் கொள்ளாமல் குறியீட்டு எண்களைக் கொள்ளுங்கள். அமெரிக்காவில் 30 மாநிலங்களில் வாஷிங்டன் என்ற பெயரில் கவுன்டி இருக்கிறது. இந்தியாவில் பிலாஸ்பூர் மாவட்டம் இமாச்சலப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும், ஹமீர்பூர் மாவட்டம் இமாச்சலப் பிரதேசத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் உள்ளன. தமிழில் எழுதும்போது எழுத்துப்பெயர்ப்பும் ஆளுக்கு ஆள் மாறுபடுவதால் சிக்கல் இரட்டிப்பாகிறது. முதல்நிலைப் பிரிவுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 3166-2 என்ற பன்னாட்டுத் தரக்குறியீடு உதவும். சில நாடுகளின் எண்கள் தாமே ஒரு வரைபடம் போன்றவை: ஜப்பானில் வடக்கே ஹொக்கைடோ 01இல் தொடங்கித் தெற்கே ஒகினாவா 47இல் முடிகிறது. பிரான்சின் தெபார்த்மான் எண்கள் பெரும்பாலும் அகரவரிசையில் அமைந்தவை. 20ஆக இருந்த கோர்சிகா 1976இல் இரண்டாகப் பிரிந்தபோது 2ஏ, 2பி என்று ஆனதால், அந்தக் கட்டத்தில் எண் மட்டுமே வரும் என்று நம்பி அமைத்த நிரல் அங்கே பிழை காட்டும். குறியீட்டை எப்போதும் எழுத்தாகவே சேமியுங்கள். எண்ணாகச் சேமித்தால் ஹொக்கைடோவின் 01, வெறும் 1 ஆகிவிடும்.

சரிபார்க்கும்போது இரண்டாம் நிலை நூல்களை விட்டுவிட்டு மூலத்துக்குச் செல்லுங்கள். முதல்நிலைப் பிரிவுகளுக்கு அரசமைப்பும் அதன் அட்டவணைகளும், கீழ்நிலைப் பிரிவுகளுக்கு அரசிதழ் அல்லது வர்த்தமானி அறிவிக்கையும், தொகுதிகளுக்கு எல்லை வரையறை ஆணையத்தின் ஆணையும் மூலமாகும். புதிய மாவட்டம் பற்றிய செய்தியைப் படித்த உடனே பட்டியலைத் திருத்திவிடாதீர்கள். அறிவிப்பு, அறிவிக்கை, நடைமுறைக்கு வரும் நாள் ஆகிய மூன்றும் வெவ்வேறு நாள்களாக இருக்கும், பட்டியலுக்குரியது மூன்றாவது நாள்.

பட்டியல் முடிந்ததும் மூன்று முகவரிகளை எடுத்துச் சோதித்துப் பாருங்கள்: தலைநகரில் ஒன்று, தீவிலோ நிலத்தொடர்ச்சியற்ற பகுதியிலோ ஒன்று, அண்மையில் பிரிக்கப்பட்ட மாவட்டம் ஒன்றின் எல்லையோரக் கிராமத்தில் ஒன்று. ஒவ்வொன்றையும் நிர்வாகம், உள்ளாட்சி, தேர்தல் என்ற மூன்று ஏணிகளிலும் அடிப்படியிலிருந்து உச்சி வரை ஏற்றுங்கள். எங்கேனும் ஒரு படியில் ஒரே முகவரிக்கு, ஒரே ஏணியில், இரண்டு விடைகள் கிடைத்தால் நீங்கள் இரண்டு வெவ்வேறு நாள்களின் பட்டியல்களைக் கலந்துவிட்டீர்கள் என்று பொருள். விடையே கிடைக்காவிட்டால் ஒரு விதிவிலக்கை விட்டுவிட்டீர்கள். இரண்டையும் திருத்திய பின், பட்டியலின் தலைப்பிலேயே அது எந்த நாளின் நிலவரம் என்பதை எழுதிவிட்டு வெளியிடலாம்.